நெய்ப் பொங்கல் என்று எழுதினால் நெய்யே இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலைச் சிற்றுண்டிகளில் வெண்பொங்கலுக்கு இணையாக வேறொன்றை நான் கருதுவதில்லை. வீட்டிலும் ஓட்டலிலும் அதை விரும்பி உண்டு வருகிறவன் என்ற முறையில், விலைப்பட்டியலில் ‘நெய்ப் பொங்கல்’ என்று எழுதியிருந்தும் தட்டில் நெய்யின் மணமே இல்லாத நிலை பல உணவகங்களில் வழக்கமாகிவிட்டதைக் குறித்துத் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சில கருத்துகளைச் சொல்ல விரும்புகிறேன்.

வெண்பொங்கலுக்கு வேண்டிய பொருள்கள் மிகக் குறைவு. பச்சரிசி ஒரு பங்கு, பாசிப்பருப்பு அதில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை, மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம், முந்திரிப்பருப்பு, உப்பு, நெய் ஆகியவற்றோடு முடிந்துவிடும். வெங்காயமோ பூண்டோ மசாலாவோ சேராத பண்டம் என்பதால், ஒன்றின் குறையை மற்றொன்றால் மூடி மறைக்க இதில் வழியே கிடையாது. பருப்பை வாசனை வரும்வரை வறுத்து, அரிசியோடு சேர்த்துக் குழைய வேகவைத்த பிறகு, நெய்யில் மிளகையும் சீரகத்தையும் பொரித்து அதன்மேல் கொட்டுகிறோமே, அந்தத் தாளிப்பில்தான் பொங்கலின் உயிர் இருக்கிறது. மிளகுக்குக் காரம் தரும் பைப்பரின் என்னும் பொருள் தண்ணீரில் மிகச் சொற்பமாகவே கரையும். கொழுப்பில் நன்றாகக் கரையும். காரத்தை எந்த எண்ணெயும் வாங்கிக்கொள்ளும் என்பது உண்மையே. ஆனால் வெண்ணெயைக் காய்ச்சும்போது அதிலுள்ள பால் பகுதி சிவந்து எழுப்பும் மணத்தை, தாவர எண்ணெயை இறுகச் செய்து எடுக்கும் வனஸ்பதியாலோ பாமாயிலாலோ ஒருக்காலும் தர இயலாது.

ஓட்டல் பொங்கலைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. அரைத்த உளுந்தில் அப்போதே தட்டிப் போட்ட மெதுவடை, சாம்பார், தேங்காய்ச் சட்னி, சில ஊர்களில் கத்தரிக்காய் கொத்சு என இத்தனையும் விடியற்காலையில் ஒரே இலையில் கிடைப்பது, வேலைக்குப் புறப்படும் அவசரத்திலுள்ள எந்த வீட்டிலும் எளிதில் நடக்கக்கூடியதன்று. மொறுமொறுப்பான வடையைப் பிட்டு, சாம்பாரில் தோய்ந்த பொங்கலோடு சேர்த்து உண்ணும் சுகத்தை ஓட்டல்தான் நமக்குப் பழக்கியது என்றே நான் நினைக்கிறேன்.

சிக்கல் வேறிடத்தில் தொடங்குகிறது. ஆற ஆற அரிசியின் மாவுச்சத்து இறுகுவதால் பொங்கல் கெட்டிப்படும். காலை ஆறு மணிக்கு ஒரே அண்டாவில் செய்து பத்து மணிவரை பரிமாறும் இடங்களில், இறுகியதை இளக்குவதற்காக வெந்நீரையும் மலிவான கொழுப்பையும் திரும்பத் திரும்ப ஊற்றுகிறார்கள். நெய்யின் இடத்தில் வேறொன்று வந்து உட்காருவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். ஒரே தடவையாகச் செய்யாமல் சிறு சிறு அளவுகளாக இரண்டு மூன்று முறை செய்தால், சுவை கூடுவதோடு கொழுப்பின் செலவும் குறையும் என்பதை உணவக உரிமையாளர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வனஸ்பதியை நெய்யில் கலந்தால் சோதனையில் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகவே, அதில் குறைந்தது 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்ற விதி நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்து வந்தது. கொழுப்புகளிலும் எண்ணெய்களிலும் எண்ணெயை இறுகச் செய்யும்போது உருவாகி இதயத்துக்குக் கேடு விளைவிக்கும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கலாகாது என்ற வரம்பும் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் கொண்ட உணவகங்கள் தம் பண்டங்களின் கலோரி அளவை அறிவிக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. எத்தனை கலோரி என்று சொல்லச் செய்கிற நாம், எந்தக் கொழுப்பில் சமைத்தது என்பதையும் சொல்லச் செய்வதில் என்ன தடை இருக்க முடியும்? பெரியவர்களும் நோயாளிகளும் எளிதில் செரிக்கும் உணவு என்று நம்பி உண்பது பொங்கலைத்தான் என்பதால், இந்தக் கேள்வி சுவையோடு மட்டும் நின்றுவிடுவதில்லை.

நெய் விலை ஏறியிருப்பதையும், நெய்யிலேயே தாளித்து இன்றைய விலைக்குக் கொடுப்பது எல்லா ஓட்டல்களுக்கும் கட்டுப்படியாகாது என்பதையும் நான் அறிவேன். அப்படியானால் கடலை எண்ணெயில் தாளித்துப் ‘பொங்கல்’ என்று மட்டும் எழுதி ஒரு விலைக்கும், நெய்யில் தாளித்து ‘நெய்ப் பொங்கல்’ என்று எழுதிக் கூடுதல் விலைக்கும் தரட்டும். விரும்பியதை வாங்கிக்கொள்ள வாடிக்கையாளருக்குத் தெரியும். ஓட்டல் உரிமையாளர் சங்கங்கள் இதைத் தம் உறுப்பினர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்றும், பொங்கலுக்குத் தேவை மிகுந்திருக்கும் மார்கழி தொடங்கும் முன்பே உணவுப் பாதுகாப்புத் துறையினர் ‘நெய்’ என்ற பெயரில் விற்கும் பண்டங்களின் மாதிரிகளை எடுத்துச் சோதித்து முடிவுகளை மாவட்டவாரியாக வெளியிட வேண்டும் என்றும் தங்கள் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்,
கும்பகோணம்.