விண்டோஸை அழிக்கும் முன் ஒரு கடிதம்

அன்புள்ள சண்முகம்,

நலம். உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. வீட்டுச் செய்திகளுக்குப் பிறகு தனியே பதில் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை விண்டோஸை அடியோடு அழித்துவிட்டு மறுபடி நிறுவப் போவதாகக் கடைசி வரியில் எழுதியிருக்கிறாயே, அதற்காகத்தான் இதை அவசரமாக எழுதுகிறேன்.

வைரஸ் எச்சரிக்கை, திசைமாறும் தேடல், தானே மாறிவிடும் முகப்புப் பக்கம் என்று நீ ஒரே நோயாகச் சொல்லும் மூன்று தொல்லைகளும் ஒன்றல்ல என்று நினைக்கிறேன். திரையின் வலது கீழ் மூலையில் 'உங்கள் கணினியில் வைரஸ்' என்று மணிக்கொரு தரம் எட்டிப் பார்ப்பது பெரும்பாலும் வைரஸே அல்ல. ஏதோ ஒரு தளம் 'அறிவிப்புகளை அனுப்பலாமா' என்று கேட்டபோது வீட்டில் யாரோ 'அனுமதி' என்பதை அழுத்தியிருப்பார்கள். குரோமின் அமைப்புகளில் தள அனுமதிகளுக்குள் அறிவிப்புகள் என்ற பகுதியைத் திறந்து, தெரியாத முகவரிகளை நீக்கினால் அது அன்றைக்கே ஓய்ந்துவிடும். அந்த அறிவிப்பில் தொலைபேசி எண் இருந்தால் மட்டும் தயவுசெய்து அழைக்காதே.

தேடல் வேறு தேடுபொறிக்குத் திரும்புவதும், மாற்றிய முகப்புப் பக்கம் மறுநாளே பழையபடி வந்து நிற்பதும்தான் உண்மையான கடத்தல்; அதாவது உன் குரோமை வேறு யாரோ தங்கள் கைக்குள் எடுத்துக்கொள்வது. இதன் பின்னால் இருப்பது வெறும் வியாபாரம். உன் தேடலைத் தங்கள் பக்கம் வழியாகத் திருப்பிவிட்டால் விளம்பரச் சொடுக்குகளில் அவர்களுக்குப் பங்கு கிடைக்கிறது. நீ எதைத் தேடினாய், எங்கே போனாய் என்பதைக் குறித்துவைத்து விற்பது கூடுதல் வருமானம். 2003 வாக்கில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைப் பாடாய்ப்படுத்திய கூல்வெப்சர்ச் என்ற கடத்தல் நிரலின் காலத்திலிருந்தே கணக்கு இதுதான்.

எனவே கண்ணுக்குத் தெரியும் அந்தப் பக்கத்தோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. அதைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து வைப்பது எது என்று தேட வேண்டும். முதலில் நீட்டிப்புகளை, அதாவது குரோமில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்களைப் பார். நீயே விரும்பி நிறுவியதையும் சந்தேகப்படு. 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்று ஒரு நீட்டிப்பு இருந்தது. பயன்படுத்தாத தாவல்களை உறங்கவைத்து நினைவகத்தை மிச்சப்படுத்தும் நல்ல பிள்ளை. 2020-இல் அதை உருவாக்கியவர் வேறொருவருக்கு விற்றுவிட்டார். 2021 பிப்ரவரியில் தீங்கான நிரல் இருப்பதாகச் சொல்லி கூகுளே அதை முடக்கியது. நிறுவியவர்கள் எதுவும் செய்யவில்லை, கை மாறியதுதான் காரணம்.

அடுத்து, நீ தினமும் அழுத்தும் குரோம் ஷார்ட்கட். அதை வலது சொடுக்கி, 'ப்ராப்பர்ட்டீஸ்' திறந்து, 'டார்கெட்' என்ற கட்டத்தில் கர்சரை வைத்து விசைப்பலகையில் 'எண்ட்' விசையை அழுத்திப் பார். வரி வழக்கமாகக் 'குரோம் டாட் இஎக்ஸ்இ' என்பதோடும் மேற்கோள் குறியோடும் முடிய வேண்டும். அதற்குப் பின் ஓர் இடைவெளி விட்டு ஏதாவது இணைய முகவரி ஒட்டியிருந்தால், அமைப்புகளில் எத்தனை முறை மாற்றினாலும் அந்தப் பக்கம்தான் திறக்கும். கட்டம் சிறியது என்பதால் அந்த வால் கண்ணில் படுவதில்லை.

குரோம் மெனுவின் அடியில் 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா என்றும் பார். பணி ஓய்வு பெற்றுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் உன்னை நிர்வகிக்கும் நிறுவனம் எது? சில ஆன்டிவைரஸ் மென்பொருள்களாலும் அந்த வரி வரும் என்றாலும், அலுவலகங்களுக்காக ஏற்படுத்தப்பட்ட இந்தக் 'பாலிசி' வசதியைக் கடத்தல்காரர்களும் பிடித்துக்கொண்டார்கள். அதன் வழியாக ரெஜிஸ்ட்ரி என்ற விண்டோஸின் அமைப்புப் பதிவேட்டில் எழுதப்பட்ட நீட்டிப்பை நீக்க முடியாதபடி குரோமே தடுத்துவிடும். இதோடு, குறித்த நேரத்தில் நிரல்களைத் தானே இயக்கும் விண்டோஸின் 'டாஸ்க் ஷெட்யூலர்' பட்டியலையும் திறந்து பார். கணினி தொடங்கும்போதெல்லாம் நீக்கியதை மறுபடி நிறுவும் கட்டளை அங்கே பதுங்கியிருக்கலாம். இந்த இரண்டிலும் கையால் திருத்தப் பயமாக இருந்தால், மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் அட்வ்கிளீனர் என்ற துப்புரவு மென்பொருள் இலவசமாகவே தேடித் தரும். அதை அவர்களுடைய சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்கிக்கொள். இலவசப் பிடிஎஃப் மாற்றியும் பாமினி எழுத்துருவும் கிடைக்கும் தளங்களில் ஐந்தாறு 'டவுன்லோட்' பொத்தான்கள் மின்னுவதையும், அவற்றில் ஒன்று மட்டுமே அசல் என்பதையும் நீ பார்த்திருப்பாய். நிறுவும்போது முன்கூட்டியே குறியிட்ட சிறு பெட்டிகளைக் கவனிக்காமல் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று போகிறவர்களை நம்பித்தான் இந்தத் தொழிலே நடக்கிறது.

விண்டோஸை அழிக்காதே என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணம், அழித்தாலும் இரண்டு இடங்கள் தப்பிவிடும் என்பதே. மறுபடி நிறுவிய கணினியில் கூகுள் கணக்கோடு குரோமில் நுழைந்ததும், அமைப்புகளைக் கணக்கில் சேமித்து வைக்கும் 'சிங்க்' வசதி பழைய நீட்டிப்பையும் தேடுபொறியையும் சீர்வரிசைபோலத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிடலாம். மற்றொன்று உன் வீட்டு ரௌட்டர். டிஎன்எஸ்சேஞ்சர் என்ற நிரல் கணினிகளின் டிஎன்எஸ் அமைப்பை, அதாவது தளத்தின் பெயருக்கு உரிய முகவரியை எந்த சர்வரிடம் கேட்பது என்பதை, கடத்தல்காரர்களின் போலி சர்வர்களுக்கு மாற்றியதோடு, எளிய கடவுச்சொல் கொண்ட ரௌட்டர்களுக்குள்ளும் புகுந்தது. 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கணினிகள் சிக்கிய அந்த வழக்கில், எஸ்டோனியாவைச் சேர்ந்த 6 பேர் 2011 நவம்பரில் கைதானார்கள். போலி சர்வர்களை உடனே நிறுத்தினால் அத்தனை பேருக்கும் இணையம் நின்றுபோகும் என்பதால், 2012 ஜூலை 9 வரை மாற்று சர்வர்களை ஓடவிட வேண்டியிருந்தது. ஆகவே உன் கைப்பேசியிலும் அதே வைஃபையில் தேடல் திசைமாறுகிறதா என்று பார்த்துவிடு. மாறினால் கணினியை விட்டு ரௌட்டரைக் கவனி.

எல்லாம் முடிந்த பிறகுதான் கடவுச்சொற்கள். வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் உரியவற்றை வேறொரு சாதனத்திலிருந்து மாற்றி, 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதையும் செய். கணக்கில் பணம் குறைந்திருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழை. மற்றபடி, நீட்டிப்புப் பட்டியலிலோ ஷெட்யூலரிலோ எதை நீக்குவது என்ற ஐயம் வந்தால், கை வைக்காமல் அந்தப் பெயர்களை மட்டும் எழுதி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
ராமநாதன்