முன்கூட்டியே இட்ட டிக், சம்மதம் ஆகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மன்னார்குடியில் பல ஆண்டுகளாகக் கணினி பழுதுபார்க்கும் கடை நடத்தி வருகிறேன். பழுது என்று வரும் கணினிகள் பலவற்றில் எந்தப் பாகமும் கெட்டிருப்பதில்லை. உரியவர் கேட்காத மென்பொருள்கள் உள்ளே புகுந்திருப்பதுதான் கோளாறு.

சென்ற வாரம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் மடிக்கணினியைக் கொண்டுவந்தார். பி.டி.எஃப். கோப்புகளைத் திறக்க இலவச மென்பொருள் தேடியவர், ஒரு தளத்தில் பச்சை நிறத்தில் பெரிதாகத் தெரிந்த 'டவுன்லோடு' பொத்தானை அழுத்தியிருக்கிறார். அது விளம்பரம், உண்மையான இணைப்பு அதன் கீழே பொடி எழுத்தில் இருந்தது. அடுத்தடுத்து வந்த ஆங்கிலக் கட்டங்களில், வேறு மென்பொருள்களையும் நிறுவச் சம்மதம் என்று முன்கூட்டியே டிக் இடப்பட்டிருந்ததை அறியாமல், 'நெக்ஸ்ட்' கொடுத்துக்கொண்டே போயிருக்கிறார். அன்று முதல் எதைத் தேடினாலும் முன்பின் அறியாத தளம் ஒன்று திறந்தது. வைரஸ் இருக்கிறது, பணம் கட்டுங்கள் என்று திரையின் மூலையில் ஓயாமல் மிரட்டல் வந்தது. "நான்தான் ஏதோ தப்புப் பண்ணிவிட்டேன் தம்பி" என்று அவர் கூச்சத்தோடு சொன்னபோது எனக்கு மனம் பொறுக்கவில்லை. தவறு அவருடையதன்று.

பெயர்பெற்ற தளங்களும் இதற்கு விலக்கல்ல. ஜிம்ப் என்னும் இலவசப் படத்தொகுப்பு மென்பொருளை உருவாக்கியவர்கள், ஏமாற்றும் விளம்பரப் பொத்தான்களை வெறுத்து 2013ஆம் ஆண்டு சோர்ஸ்ஃபோர்ஜ் என்னும் மென்பொருள் பதிவிறக்கத் தளத்தை விட்டு வெளியேறினர். 2015இல் அதே தளம் அவர்களுடைய மென்பொருளையே வேறு சரக்கோடு சேர்த்துக் கொடுத்தது சர்ச்சையானது. மறு ஆண்டு புதிய உரிமையாளர்கள் வந்த பிறகே இப்படிச் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் முற்றிலும் நின்றது.

ஆகவே மென்பொருளை அதைத் தயாரித்தவரின் தளத்திலிருந்து மட்டுமே இறக்க வேண்டும். நிறுவும்போது 'எக்ஸ்பிரஸ்' என்பதை விட்டு 'கஸ்டம்' என்பதைத் தேர்ந்தால்தான், கூடவே வரவிருப்பவை கண்ணில் படும். அவற்றின் டிக்குகளை எடுத்துவிடலாம். தமிழில் தட்டச்சு செய்வதற்காகக் கண்ட தளங்களில் அலைய வேண்டியதில்லை. 2019 மே மாதப் பதிப்பு முதல் விண்டோஸ் 10இலேயே, ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழாக மாற்றித் தரும் ஒலிபெயர்ப்பு விசைப்பலகை இருக்கிறது.

புகுந்துவிட்டதை அகற்ற, 'செட்டிங்ஸ்' பகுதியின் 'ஆப்ஸ்' பட்டியலை நிறுவிய தேதிப்படி வரிசைப்படுத்தினால், ஒரே நாளில் கூட்டமாக வந்தவை அடையாளம் தெரிந்துவிடும். நீக்கும்போதும் கவனம் வேண்டும்: 'வைத்துக்கொள்' என்ற பொத்தானைப் பெரிதாகவும் 'நீக்கு' என்பதை மங்கலாகவும் காட்டுபவை உண்டு. இத்தோடு பலர் நிறுத்திவிடுவதால்தான் தொல்லை திரும்பி வருகிறது. குரோம் போன்ற உலாவிக்குள் சென்று அறியாத எக்ஸ்டென்ஷன்களை, அதாவது உலாவியோடு ஒட்டிக்கொள்ளும் துணை மென்பொருள்களை, எடுத்து, தேடுபொறியையும் முகப்புப் பக்கத்தையும் பழையபடி மாற்றி, அறிவிப்பு அனுப்பத் தளங்களுக்குக் கொடுத்த அனுமதியையும் ரத்து செய்ய வேண்டும். அந்த ஆசிரியரை மிரட்டியது வைரஸ் அன்று, இப்படிப்பட்ட ஓர் அனுமதிதான். விண்டோஸோடு வரும் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்னும் பாதுகாப்புப் பகுதியில் வேண்டாத செயலிகளைத் தடுக்கும் வசதியும் இருக்கிறது. அதை இயக்கி வைப்பது நல்லது.

இணையவழி வணிகத்துக்காக 2020 ஜூலையில் வெளியான மத்திய அரசின் விதிகள், பொருள் வாங்கும்போது முன்கூட்டியே டிக் இட்ட கட்டத்தை நுகர்வோரின் சம்மதமாகக் கொள்ளக் கூடாது என்று தெளிவாகச் சொல்கின்றன. காசு கொடுத்து வாங்குபவருக்குக் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பு, ஆங்கிலக் கட்டங்களைப் படித்துப் புரிந்துகொள்ள இயலாமல் இலவச மென்பொருளை நிறுவுபவருக்கும் கிடைக்க வேண்டும். விதியை அரசு அவ்வாறு விரிவுபடுத்த வேண்டும். தங்கள் நாளிதழும் மென்பொருள்களைப் பரிந்துரைக்கும் ஒவ்வொரு முறையும், தயாரிப்பாளரின் இணைய முகவரியைத் தவறாமல் அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்க்கும் வாசகர் ஒருவர்,
மன்னார்குடி.