காட்பாடி ஆட்டோ அண்ணாவுக்கு

போன மாதம் அம்மாவின் ஆபரேஷனுக்காக வேலூர் போயிருந்தோம். அம்மாவுக்கு ஓ நெகட்டிவ் ரத்தம். அதற்கு அதே வகைதான் சேரும். வருவதாகச் சொன்ன இருவரும் கடைசி நேரத்தில் வர முடியவில்லை. ஆட்டோவில் போகும்போதே பதினைந்து பேருக்காவது போன் செய்திருப்பேன். அப்புறம் "கர்த்தாவே" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

நீங்கள் வண்டியை ஓரங்கட்டித் திரும்பினீர்கள். "நான் ஓ நெகட்டிவ்தான் தம்பி. கடைசியா குடுத்து நாலு மாசம் ஆச்சு."

நான் கேட்கவே இல்லை அண்ணா.

காக்கிச் சட்டைக் கையை மடித்துவிட்டு, நெற்றியில் விபூதியோடு படுத்திருந்தீர்கள். 350 மில்லி. எழுந்ததும் தந்த பிஸ்கட் பாக்கெட்டைக்கூட, அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தையிடம் நீட்டிவிட்டீர்கள். ஆட்டோ காசும் வாங்கவில்லை. "அம்மாவைப் பாருங்க" என்று கிளம்பிவிட்டீர்கள்.

சண்டே ஸ்கூலில் கேட்ட, பைபிளில் வரும் எலியா தீர்க்கதரிசியின் கதை அன்றுதான் எனக்குப் புரிந்தது. பஞ்சகாலத்தில் கேரீத் ஆற்றோரம் அவருக்கு அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்தவை காகங்கள். ஆறு வற்றியபின் போஷித்தது சாறிபாத் ஊர் ஏழை விதவை, அவருடைய இஸ்ரவேல் ஜனத்தைச் சேராதவள். நான் சபை வாட்ஸ்அப் குழுவிலேயே தேடிக்கொண்டிருந்தேன். தேவனோ உங்களை ஸ்டேஷன் வாசலில் நிறுத்திவைத்திருந்தார்.

அம்மா இப்போது எழுந்து நடக்கிறார். பெயர் தெரியாததால் தினமும் ஜெபத்தில் "அந்த ஆட்டோக்காரப் பிள்ளை" என்கிறார். காட்பாடிக்காரர்களே, கண்ணாடியில் சின்ன வேல் தொங்கும் ஆட்டோ. அவரைப் பார்த்தால் இதைக் காட்டுங்கள்.