ஆற்று ஆலாக்களைக் காத்தவர்களுக்கு நன்றி மடல்

மதிப்பிற்குரிய மீனவப் பெருமக்களுக்கும், ஆடு மாடு மேய்க்கும் உறவுகளுக்கும், அணை நீரையும் மதகுகளையும் கவனிக்கும் நீர்வளத் துறை ஊழியர்களான லஸ்கர்களுக்கும், தோப்புத் தொழிலாளர்களுக்கும் வணக்கம்.

நந்தி மலையில் பிறந்து கடலூர் அருகே கடலில் கலக்கும் தென்பெண்ணை, நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தேங்கி நிற்கும் நீர்ப்பரப்பில், கோடையில் தலைகாட்டும் மணல் திட்டின்மேல் இந்த ஆண்டும் ஆற்று ஆலாக்கள் குஞ்சு பொரித்துப் பறந்துவிட்டன. ஆலா என்றாலே கடற்கரையை நினைப்பவர்கள் பலர். இந்த இனமோ ஆற்றையும் அணையையும் நம்பி வாழ்வது. உலக அளவில் அழிவாய்ப்புள்ள பறவைகளின் பட்டியலில் இதுவும் இருக்கிறது.

கூடு என்று சொல்லும்படி அங்கே எதுவும் இராது. மணலில் சிறு பள்ளம், அதில் கூழாங்கல் நிறத்தில் இரண்டு மூன்று முட்டைகள். மிதித்த பிறகுதான் முட்டை என்று தெரியும். உச்சி வெயிலில் பறவை வயிற்றுச் சிறகுகளைத் தண்ணீரில் நனைத்து வந்து, அந்த ஈரத்தோடு முட்டைமேல் அமர்ந்து சூட்டைத் தணிக்கிறது. நாயோ, படமெடுக்க வந்தவரோ அருகில் நின்று அதை எழுப்பிவிட்டால் வெயிலே முட்டையைக் கெடுத்துவிடும். ஆகவே, தண்ணீர் வற்றித் திட்டு கரையோடு ஒட்டிக்கொண்ட பின்பும் மந்தையை மறுகரைக்கு ஓட்டிச் சென்று, நாய்களைக் கட்டிவைத்த மேய்ப்பர்களுக்கு நாங்கள் பெரிதும் கடமைப்பட்டுள்ளோம். நீர்வரத்து லஸ்கர்களின் கையில் இல்லை. ஆயினும் மட்டம் மாறும்போதெல்லாம் அவர்கள் சொல்லியனுப்பியதால்தான் ஆளும் நாயும் ஏறாதபடி உரிய பக்கத்தில் முள் வெட்டிப் போட முடிந்தது. மாங்காய்ப் பறிப்பு மும்முரமான நாட்களிலும் தோப்புத் தொழிலாளர்கள் முறைவைத்துக் காவல் இருந்தார்கள்.

எனினும் எங்கள் முதல் நன்றி மீனவர்களுக்கே உரியது. கூட்டுக்குக் காவல் போட எவராலும் முடியும். குஞ்சின் வாய்க்கு மீன் கிடைக்கச் செய்வது உங்களால் மட்டுமே முடிந்தது. ஆலா ஆழத்தில் மூழ்கித் தேடும் பறவையன்று. மேலே பறந்தபடியே நோட்டமிட்டு, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே திரியும் பொடிமீனைப் பாய்ந்து கவ்வும். கரையோரம் கண் மிகச் சிறியதான கொசுவலையைப் போட்டு மீனுக்கு இழுத்தால் முதலில் ஒழிவது அந்தப் பொடிமீன்தான். வருமானம் மெலிந்த கோடையில், கருவாட்டு வியாபாரி முன்பணத்தோடு வந்து நின்றபோதும், குஞ்சுகள் பறக்கும்வரை கொசுவலையைப் பரிசலில் ஏற்றுவதில்லை என்று நீங்களே கூடிப் பேசி முடிவெடுத்தீர்கள். பொடிமீனை விட்டுவைத்தால் பிறகு உங்கள் வலைக்கே பெருமீனாக வரும் என்று விளக்க நாங்கள் ஆயத்தமாகத்தான் வந்தோம். வாய் திறக்கும் முன்பே உங்களில் மூத்தவர் ஒருவர் அதைச் சொல்லி முடித்துவிட்டார். கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்கும் கழிவுநீரைப் பற்றிய கவலை ஒருபுறம் இருக்க, இந்த இழப்பையும் நீங்கள் மனமுவந்து ஏற்றதை நாங்கள் அறிவோம்.

வாய்ச்சொல் நன்றியோடு நிறுத்திக்கொள்வது முறையாகாது என்பது எங்கள் எண்ணம். கொசுவலையை நிறுத்திவைத்த வாரங்களுக்கு ஈட்டுத்தொகை கேட்டு, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனு அளிக்க இருக்கிறோம். அதில் உங்கள் சங்கத்தாரின் கையொப்பமும் வேண்டும். மனுவின் படியை நாங்களே கரைக்குக் கொண்டுவந்து வாசித்துக் காட்டுகிறோம், திருத்தம் இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

இங்ஙனம்,
பறவைகளைக் கவனித்துவரும் நண்பர்கள்,
கிருஷ்ணகிரி