எஃப்.சி. நாளில் மட்டும் நல்ல டயர்

மதிப்பிற்குரிய மோட்டார் வாகன ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் நடுவே கிழக்குக் கடற்கரைச் சாலையில் பள்ளி வேன் ஒன்று வழுக்கிக் கருவேலங்காட்டுக்குள் இறங்கியது உங்களுக்குத் தெரியும். என் பேத்தியும் அதில் இருந்தாள். சிராய்ப்போடு போயிற்று. காரணம் மழை என்று எல்லோரும் சொல்லி முடித்துவிட்டார்கள்.

அந்த வேனின் பின் டயரை யாராவது பார்த்தார்களா? நான் குனிந்து தடவிப் பார்த்தேன். நடுவில் மொழுமொழுவென்று இருந்தது. ஓரத்தில் ரப்பர் பிய்ந்து உள்ளே நூல் தெரிந்தது. தேய்மானத்தைக் காட்ட டயரின் பள்ளத்துக்குள் சின்ன மேடு வைத்திருப்பார்களே, அது இருந்த தடமே இல்லை. பள்ளம் 1.6 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்ற விதியை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் வெளியேறப் பள்ளம் இல்லாவிட்டால் சக்கரம் தண்ணீர் மேல் மிதக்கும். பிரேக்கை மிதித்தும் பயனில்லை. மீன் வண்டிகள் ஐஸ் தண்ணீரை ஒழுகவிட்டுப் போகும் சாலை வேறு.

இந்த வேனுக்கு எஃப்.சி., அதாவது சாலையில் ஓடத் தகுதியானது என்ற சான்று, இருக்கிறது! ஓட்டுநரைக் கேட்டேன். எஃப்.சி.க்காக வண்டியைக் காட்டும் அன்றைக்கு மட்டும் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டுவார்களாம், மறுநாள் கழற்றிவிடுவார்களாம். பெண் பார்க்க வரும் நாளில் இரவல் நகை பூட்டுவது போல. புது டயர் கேட்டால் வேறு ஓட்டுநரைப் பார்த்துக்கொள்வேன் என்கிறாராம் முதலாளி.

ஆகவே வண்டி ஓடுகிற நாளில், ஓடுகிற சாலையில் டயரைப் பாருங்கள். ஹெல்மெட் போடாதவரைப் பிடிக்க உச்சி வெயிலிலும் ஆள் நிற்கிறது. அபராதம் உடனே கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. டயரை மட்டும் இந்த ஊரில் ஆயுதபூஜையன்று எலுமிச்சம்பழம் வைக்கும்போதுதான் குனிந்து பார்க்கிறார்கள். அந்தப் பழத்துக்கும் எஃப்.சி. உண்டா என்று தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எஃப்.சி. கொடுக்கும்போது டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி 4 இலக்கங்கள் அது எந்த வாரம், எந்த ஆண்டு தயாரானது என்றும் சொல்லிவிடும். பிறகு ஒரு நாள் சாலையில் நிறுத்தி ஒப்பிட்டால் இரவல் குட்டு வெளிப்படும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓயும்வரையாவது, முன்கூட்டிச் சொல்லாமல், பள்ளி நேரத்துக்கு வந்து டயரைப் பாருங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். மொட்டை டயரோடு வரும் வேனை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வேனில் பேத்தியை அனுப்பும் ஒரு தாத்தா