ராஜபார்ட்டின் தலையளவு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. மெல்பர்னில் உங்கள் தமிழ் அன்பர்கள் மேடையேற்றவிருக்கும் ‘வள்ளி திருமணம்’ இசை நாடகத்துக்கு உடையும் தலையணியும் தைக்கும் பொறுப்பை நீ ஏற்றிருக்கும் செய்தியை உன் அம்மா பழைய வண்ணாரப்பேட்டை முழுவதும் பரப்பிவிட்டாள். நீ வரைந்து அனுப்பிய படங்களைப் பார்த்தேன். வாடகைக் கடை உடைகளைப் பார்த்து வரைந்திருக்கிறாய் என்று தெரிகிறது. அவை புகைப்படத்துக்குப் பொருந்தும்; ஆனால் அவற்றை அணிந்துகொண்டு ஒருவர் மணிக்கணக்கில் பாட வேண்டும் என்பதற்கு அந்தப் படங்களில் இடமே இல்லை.

முதலில் அளவு எடுப்பதைச் சொல்கிறேன். சட்டைக்கு எடுப்பதுபோல் ஆளைச் சும்மா நிற்கவைத்து மார்பளவு எடுக்காதே. மூச்சை முழுக்க இழுத்து நிறுத்தச் சொல்லி எடு. இரண்டு அளவுக்கும் நடுவே இரண்டு இஞ்ச் வரை வித்தியாசம் வரும். அந்த இடைவெளியை விடாமல் வெல்வெட்டை இறுக்கிப் பிடித்துவிட்டால், மேல் ஸ்தாயியில் நிற்க வேண்டிய இடத்தில் பாடகருக்கு மூச்சு போதாது. பக்கத் தையலில் ஒரு கை அகலத்துக்கு, இழுத்தால் விரியும் பின்னல் துணியை வைத்து, அதன்மேல் அதே நிறத் துணியை மடிப்பாக விழவிட்டால் பார்ப்பவருக்குத் தெரியாது. உள்ளே காட்டன் லைனிங்தான் போட வேண்டும். உங்கள் ஊர் குளிரை நினைத்து பாலியெஸ்டர் போட்டுவிடாதே, மேடை விளக்கின் கீழே எந்த ஊரும் நம் ராயபுரத்துச் சித்திரை மாதம்தான்.

இந்த நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்தில் ஒலிபெருக்கி கிடையாது. நமக்கு அருகில் வால்டாக்ஸ் சாலையில் இருந்த ஒற்றைவாடைக் கொட்டகை போன்ற இடங்களில் ராஜபார்ட்டின், அதாவது கதாநாயக நடிகரின், குரல் தன் பலத்திலேயே கடைசி வரிசைக்குப் போய்ச் சேர வேண்டியிருந்தது. பார்சி நாடகக் குழுக்களின் வழியாக வந்த வெல்வெட்டும் ஜரிகையும் அன்றும் கனமாகத்தான் இருந்தன. ஆனால் ஒவ்வொரு நாடகத்துக்கும் தனித்தனியே அழைக்கப்பட்டு வந்து நடிக்கும் ஸ்பெஷல் நாடக நடிகர்கள் தங்கள் உடைகளைத் தாங்களே சொந்தமாக வைத்திருந்ததால், தைப்பவன் தவறு செய்தால் மறுநாளே பிரித்துத் தைக்கச் சொல்வார்கள். வாடகை உடைக்கு அப்படிக் கேட்பார் இல்லை. அதன் அழகு அவ்வளவுதான்.

இனி கிரீடம். நீ வரைந்திருப்பதில் காதை மூடும் பக்கத் தகடுகள் இருக்கின்றன. அவற்றை எடுத்துவிடு. காது அடைபட்டால் ஆர்மோனியத்தின் சுருதி கேட்காது, கேட்காவிட்டால் எவ்வளவு தேர்ந்தவரும் விலகிப் பாடுவார். தாடைக்குக் கீழே எலாஸ்டிக்கும் வேண்டாம். வாயைத் திறந்து பாடுபவருக்கு அது கடிவாளம். பின்மண்டையில் நாடாவை முடிந்து, இரு பக்கமும் கிளிப் வைத்தால் போதும். நெற்றிக்கு மேல் மைக் பொருத்துவீர்கள் என்பதால், முன்பக்கம் தொங்கும் முத்தும் குஞ்சமும் அதில் உரசி அரங்கம் முழுக்கச் சலசலக்கும். அவற்றைப் பின்பக்கம் தள்ளு. தலையளவை விக் போட்ட பிறகே எடு.

கிரீடத்தின் உடலை அங்கேயே செய்வது நல்லது. தெருக்கூத்தில் கல்யாண முருங்கை மரத்தைக் குடைந்து கிரீடமும் தோளில் மாட்டும் புஜக்கட்டையும் செய்வார்கள். எடை குறைவான மரம், ஆனால் மரத்தை உங்கள் விமான நிலையத்தில் எளிதில் விடமாட்டார்கள். ஆகையால் அட்டையில் வெட்டி, மைதாப் பசையில் ஊறவைத்த செய்தித்தாள் கீற்றுகளை அடுக்கடுக்காக ஒட்டிக் காயவை. பசை காய்ச்சும்போது ஒரு சிட்டிகை மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்த்தால் பூச்சி அரிக்காது. அது விஷம் என்பதால் பேத்தியின் கைக்கு எட்டாத இடத்தில் வை. மயிற்பீலி கேட்டிருந்தாய். அதை அனுப்ப முடியாது. மயில் இறகை நம் நாட்டிலிருந்து ஏற்றுமதி செய்யவே தடை இருக்கிறது. பச்சை, நீல சாட்டினை இறகாக வெட்டி நடுவே கம்பி வைத்துத் தைத்துக்கொள். தூரத்திலிருந்து பார்த்தால் அதுவே மயில்தான்.

உனக்கு உண்மையில் சிரமம் தரப்போவது முருகனின் வேடமாற்றம். வேடனாக வந்து, வேங்கை மரமாகி, விருத்தனாக, அதாவது கிழவனாக, நடித்து, கடைசியில் தன் உருவில் நிற்க வேண்டும். இடையில் திரைக்குப் பின்னே கிடைப்பது ஒரு பாட்டின் நேரம்தான். கடைசிக் காட்சியின் உடையையே அடியில் அணிவித்து, அதன்மேல் வேடனுக்குக் கையில்லாத அங்கி, விருத்தனுக்குக் காவிப் போர்வை, தாடி என்று வைத்துக்கொள். விருத்தன் மெலிந்து தெரிய வேண்டும் என்பதால் அடியிலுள்ள உடை புடைப்பாக இருக்கக் கூடாது. மார்புப் பதக்கத்தையும் தோளணியான புஜகீர்த்தியையும் உடையில் தைக்காமல், தனி வெல்வெட் கழுத்துப்பட்டையில் தைத்து, பிரஸ் பட்டன் வைத்து ஒரே வீச்சில் மாட்டிவிடு. வெல்க்ரோவைப் பிரிக்கும் ஓசையை மைக் பிடித்துவிடும், அதைத் தவிர்த்துவிடு. வேடனின் தலைப்பாகையையும் மேடையில் கட்டக் கூடாது. தலையளவுக்குத் தகுந்த அலுமினியச் சட்டியைக் கவிழ்த்து, பிளாஸ்டிக் சுற்றி, நனைத்த பக்ரத்தை, அதாவது பசையேற்றிய விறைப்புத் துணியை, அதன்மேல் இழுத்து நாடாவால் கட்டிக் காயவிட்டால் தொப்பி வடிவம் நிற்கும். ஓரத்தில் கம்பி வைத்து, கிராஸாக, அதாவது மூலைவாட்டில், வெட்டிய காட்டன் பட்டியால் மூடு. வியர்வையையும் அதுவே வாங்கிக்கொள்ளும். அந்தத் தொப்பியின்மேல் துணியை மடித்துத் தைத்துவிட்டால் எடுத்து மாட்டுவதுதான் வேலை.

வள்ளிக்குச் சிவப்பு எடுத்திருக்கிறாய். விளக்குப் போடுபவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய். தினைப்புனத்துக் காட்சியில் நீல ஒளி போட்டால் சிவப்பு கறுப்பாகிவிடும். நாரதரோடு நடக்கும் நெடுந் தர்க்கம் முழுவதும் அவள் கறுத்த துணியோடு நிற்பாள்.

கோடவுன் தெருவுக்கு மெட்ரோவில் போய் உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்கினால் சற்று நடைதான். வெல்வெட்டும் லைனிங்கும் அங்கே எடுத்துவிடுகிறேன், ஜரிகைக்கும் சமிக்கிக்கும் சௌகார்பேட்டை இருக்கிறது. ஒட்டும் கற்கள் மட்டும் வேண்டாம், வியர்வை பட்டதும் உதிரும். அடுத்த மாதம் அங்கே வரும் உறவுக்காரர் ஐந்து கிலோவுக்கு மேல் ஏற்க மாட்டேன் என்று இப்போதே சொல்லிவிட்டார். ஆகையால் ராஜபார்ட், ஸ்திரீபார்ட் (வள்ளி), நாரதர், பபூன் நால்வரின் அளவுகளையும் இந்த வாரத்துக்குள் அனுப்பு; மூச்சிழுத்த அளவைத் தனியே எழுது.

அன்புடன்,
அப்பா