பெல்ட் மாற்றிய வண்டியை மறுபடி ஏன் வரச் சொல்கிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "ஃபேன் பெல்ட்தானே மாற்றச் சொன்னேன், பில்லில் ஐட்லர் புல்லி எதற்கு?" என்று அண்மையில் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்விதான். கல்லாவில் நின்றபடி சொன்னால் பாதி விட்டுப்போகிறது, அதனால் எழுதுகிறோம்.

ஐட்லர் புல்லி தானாக எதையும் ஓட்டுவதில்லை. ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர், பவர் ஸ்டியரிங் பம்ப் என்று சுற்றிவரும் பெல்ட்டைத் தடம் மாறாமல், தொய்யாமல் பிடித்திருப்பதே அதற்கு வேலை. நடுவில் சீல் வைத்த ஒரு பேரிங். பல வண்டிகளில் 6203 நம்பர்தான்: உள்விட்டம் 17 மி.மீ., வெளிவிட்டம் 40 மி.மீ. உள்ளே இருக்கும் கிரீஸ் தீர்ந்தால் அதன் ஆயுசும் தீர்ந்தது.

பெல்ட்டைக் கழற்றியதும் புல்லியை உங்கள் கண்முன் கையால் சுற்றிக் காட்டுவோம். நல்ல புல்லி கிரீஸின் பிடிப்பில் ஓரிரு சுற்றோடு சத்தமில்லாமல் நின்றுவிடும். கெட்டது கரகரவென்று பம்பரம் போலச் சுற்றிக்கொண்டே இருக்கும். "நல்லாத்தானே சுத்துது?" என்பார்கள். கோளாறே அதுதான்! அது என்றைக்காவது இறுகி நின்றால் புது பெல்ட்டும் உரசிச் சூடேறி அறுந்துபோகும். வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில் ஓடுகிற வண்டியென்றால் நடுரோட்டில் இன்ஜின் கொதித்துவிடும்.

கீச் சத்தம் கேட்டதும் துரு எடுக்கும் ஸ்ப்ரேயைப் பேரிங்கில் அடிக்காதீர்கள். மிச்சமிருக்கும் கிரீஸையும் அது கரைத்துவிடும். நாங்கள் பெல்ட்டின் மேல் தண்ணீரைத்தான் தெளித்துப் பார்ப்போம். சத்தம் அடங்கித் திரும்ப வந்தால் புல்லிகள் நேர்க்கோட்டில் இல்லை. கூடினால் பெல்ட் லூஸ். மாறவே இல்லையென்றால் பேரிங்கைச் சந்தேகிப்போம்.

இனி டைட் வைக்கும் விஷயம். ஆட்டோ டென்ஷனர் உள்ள வண்டியில் ஸ்பிரிங்கே பார்த்துக்கொள்ளும். அது இல்லாத பழைய வண்டிகள் பலவற்றில் இந்த ஐட்லரைத்தான் நகர்த்த வேண்டும். நடு நட்டைச் சற்றுத் தளர்த்தி, அட்ஜஸ்டிங் போல்ட்டைத் திருப்பி, இரண்டு புல்லிக்கு இடையில் பெல்ட்டைச் சுமார் 10 கிலோ அழுத்தத்தில் அமுக்கி, எத்தனை மி.மீ. இறங்குகிறது என்று அளப்போம். கணக்கு வண்டிக்கு வண்டி வேறு. புது பெல்ட்டுக்கு ஓர் அளவு, ஓடிய பெல்ட்டுக்கு இன்னோர் அளவு.

"இன்னும் கொஞ்சம் டைட் வையுங்க, சீக்கிரம் லூஸ் ஆகாது" என்று கேட்காதீர்கள், செய்ய மாட்டோம். இழுவை கூடினால் அடி வாங்குவது ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் பேரிங்குகள். ஐட்லரைவிடப் பல மடங்கு செலவு.

புது பெல்ட் ஓடிப் படியும்போது கொஞ்சம் தளரும். அதனால்தான் 500 கி.மீ. ஓடியதும் வரச் சொல்கிறோம். இதற்குக் கூலி கிடையாது. காலையில், இன்ஜின் சூடாகும் முன் வந்தால் நல்லது. தூரத்திலிருந்து ஓட்டி வருபவர்கள் வண்டி ஆறும்வரை டீ குடித்துக் காத்திருக்க வேண்டும். கழற்றிய பழைய புல்லியை மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஒர்க்‌ஷாப்